அஞ்சும் அஞ்சும் ஆறு

எனக்கு வயது இருபத்தேழு. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. பென்ஷன் கிடையாது. சால்வை போர்த்த ஆளும் வரவில்லை. ஆனாலும் ஓய்வு ஓய்வுதான். இப்போது திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடையில் உடைந்த கண்ணாடியைக் கழற்றிப் புதுக் கண்ணாடி ஒட்டுகிறேன். அதை வேலை என்று நான் சொல்வதில்லை. பொழுதுபோக்கு.

போன வாரம் என்னோடு கடையில் நிற்கிற கார்த்தி, ரயில் டிக்கெட் ஆப்பைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். வெயிட்டிங் லிஸ்ட் நம்பருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் எண்பத்திரண்டு சதவீதம் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் டிக்கெட் ஆகிவிடுமா, ஆகாதா என்று கேட்டான். நான் சிரித்த சிரிப்பில், கண்ணாடி ஒட்டக் கொடுத்திருந்த ஆள் தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என்ன செய்வது? அந்தச் சதவீதமாகவே நான்கு வருடம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். அந்த ஆப் வந்துதான் எனக்கு ஓய்வு கொடுத்தது. இப்போது யாரும் என்னைக் கேட்பதில்லை. அப்பாடா.

கார்த்தி விடவில்லை. அந்தக் கதையைச் சொல் என்றான். சொல்கிறேன்.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் வரை போனேன். கணக்கில் அரியர் வைத்தேன். அந்த அரியருக்குத் துணை வேண்டும் என்று இன்னும் இரண்டு வைத்தேன். பிறகு காலேஜும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம். என் படிப்பு அவ்வளவுதான்.

விழுப்புரத்தில், ஜங்ஷனுக்குப் போகிற வழியில், பத்மா அக்காவின் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், முறைப்படி லைசென்ஸ் வாங்கிய ரயில் டிக்கெட் பதிவு. அக்காவுக்கு ஊர் மேல்சித்தாமூர் பக்கம், ஜைனக் குடும்பம். காலேஜில் புள்ளியியல் படித்தவர். பொழுது சாய்வதற்குள் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடுவார். சூரியன் இறங்கிவிட்டால் மறுநாள் காலைதான். அதனால் ஐந்தரை மணிக்குக் கடைக்கு யார் வந்தாலும், அக்கா கவுண்டருக்குப் பின்னால் டிபன் பாக்ஸோடு இருப்பார். வாயில் சோறு இருக்கும்போது மட்டும்தான் அவர் என்னைத் திட்ட மாட்டார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் என் கிண்டலையெல்லாம் செய்து முடிப்பேன்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு சட்டம் போட்டார். வெயிட்டிங் லிஸ்டில் டிக்கெட் எடுக்கிறவர் "ஆயிடுமா?" என்று கேட்பார். எல்லோரும் கேட்பார்கள். அதற்கு "ஆயிடும்" என்றும் சொல்லக் கூடாது, "ஆகாது" என்றும் சொல்லக் கூடாது. பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். பத்துக்கு ஏழு. பத்துக்கு மூணு.

அதைச் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, எந்த வரிசை. வண்டி புறப்படுகிற ஊரிலிருந்து எடுக்கிறவர்களுக்கு ஒரு வரிசை, நம்மைப் போல் நடுவில் ஏறுகிறவர்களுக்கு வேறு வரிசை. நடு வரிசையில் நம்பர் எட்டு என்பது, புறப்படுகிற ஊர் வரிசையில் முப்பதைவிட மோசம். இது தெரியாமல் சின்ன நம்பர் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுப் போனவர்கள் ஏராளம். இரண்டாவது, என்ன நாள். சாதாரணச் செவ்வாய்க்கிழமையா, பண்டிகைக்கு முந்தின வெள்ளியா. மூன்றாவது, எத்தனை பேர். ஒற்றை ஆள் எங்கேயாவது நுழைந்துவிடுவான். ஆறு பேர் குடும்பம் சேர்ந்து நுழைய வேண்டுமென்றால் கதவே வேறு.

இதைவிட முக்கியமானது ஜாடி. அலமாரியில் மிட்டாய்க் கடைப் பிளாஸ்டிக் ஜாடிகளாக ஒன்பது இருந்தன. ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர். பத்துக்கு ஏழு என்று ஒருவரிடம் சொன்னோம் என்றால், வண்டி கிளம்பும் முன் சார்ட் போட்டதும் பார்க்க வேண்டும். அவருக்குச் சீட்டு வந்திருந்தால் ஏழாம் ஜாடியில் ஒரு கறுப்புப் புளியங்கொட்டை. வரவில்லையென்றால், தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த கொட்டை. மாதக் கடைசியில் ஜாடியைக் கவிழ்த்துப் பார்ப்போம். ஏழாம் ஜாடியில் பத்துக்கு ஏழு கறுப்பு இருந்தால் நாம் ஒழுங்காகப் பேசியிருக்கிறோம். ஐந்துதான் இருந்தால் ஜம்பம் அடித்திருக்கிறோம். ஒன்பது இருந்தால் பயந்திருக்கிறோம். பயந்து குறைத்துச் சொல்வதும் அக்காவின் கணக்கில் பொய்தான்.

பத்தாம் ஜாடி எங்கே என்று முதல் நாளே கேட்டேன். அப்படி ஒரு ஜாடி கடையில் விற்பதில்லை என்றார்.

ஜனங்களுக்கு இது பிடிக்காது. செஞ்சியிலிருந்து வந்த ஒருவருக்குப் பத்துக்கு எட்டு என்று சொன்னோம். அவருக்குச் சீட்டு வரவில்லை. மறுநாள் வந்து குதித்தார். அக்கா நிதானமாக, எட்டுப் பேர் போய்விட்டார்கள், மீதி இரண்டு பேரில் நீங்கள் ஒருவர் என்றார். அந்த இரண்டு பேரில் நான் ஏன் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டார். யாராவது இருந்தாக வேண்டுமே என்றார் அக்கா. நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அன்றைக்குச் சிரித்திருந்தால் அடி எனக்குத்தான் விழுந்திருக்கும்.

இப்படி ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். கார்த்தி கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒருவர்தான், ஏழுமலை அண்ணன்.

அனந்தபுரத்தை ஒட்டின ஊர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். மனைவி இல்லை, இரண்டு பெண்கள். பெரியவள் மஞ்சு, கல்யாணம் ஆகி ஏழு மாதக் கர்ப்பம். சின்னவள் தேவகி, நர்ஸ் படித்தவள். தெற்கே தலைமையிடமும் ஊர் ஊராகக் கிளையும் வைத்திருக்கும் ஒரு மருத்துவமனையில் வேலைக்கு எழுதிப்போட்டு, அங்கேயும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். மேலே இருந்த யாரோ விலகிக்கொள்ள, அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருநெல்வேலியில் ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு நேரில் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவருக்கு. மறு தேதி கிடையாது.

அண்ணன் கடைக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டிக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான் இருந்தது. மூன்றையும் பார்த்தேன். நடு வரிசை, தீபாவளிக் கூட்டம், ஆனால் ஒற்றை ஆள். பத்துக்கு அஞ்சு என்றேன். அவர் கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்தார். அடுத்த வண்டியிலும் ஒன்று போடச் சொன்னார். அதற்கும் பத்துக்கு அஞ்சு என்றேன். மனிதர் முகம் மலர்ந்து, எனக்கு டீ சொல்லிவிட்டுப் போனார். வெயிட்டிங் லிஸ்ட் வாங்கி இவ்வளவு சந்தோஷமாகப் போனவரை நான் பார்த்ததில்லை. சுபாவமே அப்படிப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை சாயங்காலம், மகளின் சர்டிபிகேட்டுகளை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். அக்கா டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். நம்பர் பெரிதாக நகரவில்லை, பஸ்ஸுக்கு ஏதாவது ஏற்பாடு வைத்திருக்கிறீர்களா என்று நான் சும்மா கேட்டேன். அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு தம்பி பஸ்ஸு? நீதான சொன்ன, இதுல அஞ்சு, அதுல அஞ்சு. அஞ்சும் அஞ்சும் பத்தாச்சுல்ல? பத்துக்குப் பத்து. வெள்ளிக்கிழமை பகல்ல பெரியவளுக்கு வளைகாப்பு வச்சுக்கினேன். அத்த முடிச்சுட்டு சின்னது ராத்திரி வண்டி ஏறுது."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரமாக இந்த மனிதர் எங்கள் கடைப் பேச்சைக் கூட்டல் கணக்காகப் போட்டு, அதை நம்பிப் பந்தலுக்கும் சொல்லி, சம்பந்தி வீட்டுக்கும் சொல்லியிருக்கிறார். ஊரில் வேறெந்தக் கடையிலும் இந்தத் தப்பு நடக்க வழியில்லை. வேறெந்தக் கடையிலும் பத்துக்கு எத்தனை என்று பேசுவதில்லை.

எனக்கும் கொஞ்சம் கணக்கு வரும் என்று காட்ட ஆசை வந்தது. கூட்டக் கூடாது அண்ணா, இரண்டு வண்டியும் கைவிட்டால்தான் ஆபத்து, பாதியில் பாதி கால், ஆக நாலில் மூன்று பங்கு போய்விடலாம் என்று சொல்லிவிட்டு அக்காவின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பாராட்டு வரும் என்று நினைத்தேன். அக்கா சோற்றை விழுங்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"டேய் சீனு, முதல் வண்டி கைவிட்டுடுச்சுன்னு மட்டும் உனக்குத் தெரியும்னு வச்சுக்க. அப்பவும் ரெண்டாவது வண்டிக்கு அஞ்சுதான் சொல்லுவியா?"

யோசித்தேன். முதல் வண்டி ஏன் கைவிடும்? சென்னையிலிருந்து ஊருக்குப் போகிற ஒருவரும் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை என்பதால். இரண்டாவது வண்டியில் இருப்பதும் அதே சென்னைக் கூட்டம், அதே தீபாவளி. இவர்கள் ரத்து செய்யாதபோது அவர்கள் மட்டும் எதற்குச் செய்யப் போகிறார்கள்? எந்தத் தீபாவளியானாலும் எங்கள் வாசலில் ஒன்று எல்லோரும் சிரிப்பார்கள், இல்லை எல்லோரும் திட்டுவார்கள்.

"ரெண்டு சொல்லுவேன்க்கா" என்றேன்.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார். பத்துத் தடவை இப்படி நடந்தால், ஐந்து தடவை முதல் வண்டியிலேயே போய்விடுவாள். மீதி ஐந்தில் இரண்டாவது வண்டி ஒரே ஒரு தடவைதான் கை கொடுக்கும். ஐந்தும் ஒன்றும் ஆறு. பத்துக்கு ஆறு என்று விளக்கினார். அண்ணனுக்கு முகம் சுருங்கியது. கடன் கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

"ரெண்டு சீட்டு வாங்கியிருக்கேன்மா. அஞ்சும் அஞ்சும் எப்டிம்மா ஆறாவும்?"

"ரெண்டு சீட்டு இல்லண்ணா. ஒரே சீட்டைத்தான் ரெண்டு தாள்ல வாங்கி வச்சிருக்கீங்க."

"அதெல்லாம் எனக்கு வேணாம். ஆயிடுமா, ஆவாதா? அத்த மட்டும் சொல்லு."

"பத்துக்கு ஆறு."

"அப்ப ஆயிடும்னு சொல்லேன்."

"பத்துப் பொண்ணுங்களை அனுப்பினா நாலு பேரு ஸ்டேஷன்லயே நிப்பாங்க. உங்களுக்குப் போறது ஒரு பொண்ணுதானே."

வெள்ளிக்கிழமை காலையிலேயே பஸ்ஸில் கிளம்பிவிட்டால், சென்னைக் கூட்டம் புறப்படுவதற்கு முன்பே திருச்சி தாண்டிவிடலாம் என்றார் அக்கா. சார்ட் பார்த்துவிட்டுச் சாயங்காலம் பஸ்ஸுக்குப் போனால், சென்னையிலிருந்து வருகிற எந்த பஸ்ஸும் நிற்காது, திண்டிவனத்திலிருந்தே ரோடு அடைத்துக் கிடக்கும். அதாவது தெரிந்துகொண்ட பிறகு கிளம்ப முடியாது. தெரியாமலே கிளம்ப வேண்டும்.

அதைக் கேட்டு அண்ணன் எழுந்தேவிட்டார். அம்மா இல்லாத வீடு. பெரியவளின் வளைகாப்புக்கு ஓடியாட இருப்பது தேவகி ஒருத்தி. அவளும் இல்லாமல் மஞ்சு மனையில் உட்கார்ந்து அழுவதைப் பார்க்கவா இத்தனையும் செய்தேன் என்றார். உடனே, ஜெராக்ஸ் சரியில்லை, கறுப்பாக விழுகிறது என்று சத்தம் போட்டார்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது. கஷ்டமாக இருக்கும்போது எனக்குக் கிண்டல்தான் வரும். "பகல்ல போட வேண்டிய வளையலை விடியக்காலைல போட்டா, உள்ள இருக்கற கொழந்த மணி பாத்துக்கினா இருக்கப் போவுது?" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மரியாதை என்றால் என்ன என்று அக்கா எனக்கு நீளமாக விளக்கினார்.

மறுநாள் தேவகியே போன் செய்தாள். அப்பா வீட்டில் யாரோடும் பேசவில்லை என்றாள். பிறகு அக்காவிடம், என்ன செய்யட்டும் என்று கேட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பத்துக்கு எத்தனை என்று தன்னால் சொல்ல முடியும், எது போனால் தாங்காது என்று அவள்தான் சொல்ல வேண்டும் என்றார் அக்கா. அவள் விடவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றாள். வழக்கமாக அக்கா இந்த மாதிரி கேள்விக்கு மழுப்பிவிடுவார். ஒரு விதத்தில் இப்படி, ஒரு விதத்தில் அப்படி என்பார். அன்றைக்கு மழுப்பவில்லை.

"நான் பஸ்ல போவேன்மா."

சரிக்கா என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் திண்டிவனத்திலிருந்து வந்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். திருச்சி பஸ் நிற்கிற இடத்தில் ஏழுமலை அண்ணனும், பக்கத்தில் கன்னம் நிறையச் சந்தனத்தோடு ஒரு பெண்ணும். விடியற்காலை ஐந்து மணிக்கே வளையல் போட்டு முடித்துவிட்டார்களாம். சம்பந்தியம்மா முணுமுணுத்தாராம். மஞ்சுதான், என் தங்கச்சி போட்டுட்டுப் போனால் போதும், மற்றவர்கள் பகலில் மெதுவாகப் போடட்டும் என்று சொல்லிவிட்டாளாம். அண்ணன் எனக்கு வணக்கம் வைக்கவில்லை. தேவகி மட்டும் சிரித்தாள். அந்தச் சந்தனத்தைத் துடைக்க வேண்டாம், கண்டக்டர் உங்களுக்குத்தான் வளைகாப்பு என்று நினைத்துச் சீட்டு பிடித்துக் கொடுப்பார் என்றேன். கண்டக்டர் நிஜமாகவே முன்சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி அவளை உட்கார வைத்தார். ஏழுமலை அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் சார்ட் வந்தது. இரண்டு வண்டியிலும் அவளுக்குச் சீட்டு வந்திருந்தது.

அக்கா ஆறாம் ஜாடியை எடுத்து ஒரு கறுப்புக் கொட்டை போட்டார். இரண்டு டிக்கெட்டும் வந்திருக்கிறதே, இரண்டு போட வேண்டாமா என்றேன். ஒரு டிக்கெட்டுக்கு எதற்கு இரண்டு கொட்டை என்றார். அவ்வளவு திடமாக இருந்தவர், போன் அடித்ததும் எனக்கு ஜாடை காட்டி என்னையே எடுக்க வைத்தார்.

அண்ணன்தான். டிக்கெட் வந்த செய்தி அவர் போனுக்கும் போயிருந்தது. நல்லபடியாகத் திட்டினார். பகல் விருந்தில் மகள் இல்லை, பெர்த்தில் படுத்துக்கொண்டு போக வேண்டியவள் எந்த பஸ்ஸில் எப்படி இடிபடுகிறாளோ என்றார். அன்னிக்கே சொன்னேனே, கேட்டீங்களா, அஞ்சும் அஞ்சும் பத்துதான் என்றார். அவர் கணக்கு தப்பு, ஆனால் நடந்தது அவர் சொன்னபடி. ஒரே ஒரு கொட்டையை வைத்துக்கொண்டு யாரோடும் வழக்காட முடியாது. கடைசியில் குரலை இறக்கி, மதியத்திலிருந்து தேவகி போன் எடுக்கவில்லை, ஸ்விட்ச் ஆஃப் என்று வருகிறது என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேலை ஓடவில்லை. ரயிலில் போயிருந்தால் பத்திரமாகப் போயிருப்பாள். பஸ்ஸில் ஏற்றியது நாங்கள். வழியில் ஏதாவது ஆகியிருந்தால் எந்த ஜாடியில் எந்தக் கொட்டையைப் போடுவது? நான் அவள் நம்பரை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சாப்பிடுங்கக்கா என்றேன். அப்புறம் என்றார். அவருக்கு அப்புறம் என்று ஒன்று கிடையாது என்பது எனக்குத் தெரியும். டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது, சூரியன் இறங்கிவிட்டது.

தெருவிளக்கு எரிந்த பிறகு தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. தேவகி. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். பாளையங்கோட்டையில் கூடப் படித்த தோழி வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அப்பாவிடம் பேசிவிட்டு எங்களைக் கூப்பிடுகிறாள். முதுகு வலிக்கிறது, மற்றபடி ராஜ மரியாதை, மதுரை வரை எல்லோரும் எத்தனாவது மாசம் என்று கேட்டார்கள் என்றாள். அக்கா கடையைப் பூட்டச் சொன்னார். அன்று ராத்திரி அவர் பட்டினி. தானே தேடிக்கொண்ட பட்டினி என்று வேறு சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கெல்லாம் ஏழுமலை அண்ணன் கடைக்கு வந்துவிட்டார். எதற்கு வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பையில் வறுத்த மல்லாட்டை இருந்தது. எடுத்து வெளியே வைக்கவில்லை. பத்து மணி ஆனது. அவர் சுவரில் ஒட்டியிருந்த பான் கார்டு விளம்பரத்தை முழுசாகப் படித்தார். பிறகு மறுபடி படித்தார். வந்தவர்களுக்கு நான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஒருவருக்கு ஆதார் கார்டின் பின்பக்கத்தை மட்டும் நாலு காப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பதினொன்று தாண்டி அண்ணன் போன் அடித்தது. அவர் பச்சையை விட்டுவிட்டு அதற்கு அக்கம்பக்கத்தையெல்லாம் அமுக்கினார். நான்தான் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, பேரைக் கூப்டாங்க, போய் நின்னேன். எனக்கு மேல ரெண்டு பேரு வரலப்பா. அதனால எந்தக் கிளை வேணும்னு என்னையே கேட்டாங்க. நம்ம ஊருக்குக் கிட்ட இருக்குன்னு திண்டிவனம் கேட்டேன். குடுத்துட்டாங்க."

அப்பா, அப்பா என்று அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்து, போன் பக்கமாகக் குனிந்து, அப்பா இருக்காரும்மா, நல்லாத்தான் இருக்காரு என்றார்.

இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று ஏழுமலை அண்ணனைக் கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன். கிண்டல் வரவில்லை. நானும் போய் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டேன்.